ஆடுகிறவர்களே நடுவர்கள்!

இயந்திர மனிதர் கால்பந்தில் விசில் பிடிக்க ஆள் எங்கிருந்து வருகிறது?

தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்களுக்கு இந்தச் சட்டத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேட்டிங் பிடிக்கிற கட்சிதான் அம்பயர் தர வேண்டும். ஐந்தாவதாக இறங்க வேண்டியவனோ ஆறாவதாக இறங்க வேண்டியவனோ போய் நிற்பான். தன் கட்சிக்காரனுக்கே அவன் விரலைத் தூக்க வேண்டும். தூக்கினால் கூட்டாளிகள் பேச மாட்டார்கள். தூக்காவிட்டால் எதிர்க்கட்சி ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு வரும்.

இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் நம் தெரு கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. என்ற ஒன்றையே எடுத்துவிட்டோம். காலில் பட்டதா, படாவிட்டால் ஸ்டம்புக்குப் போயிருக்குமா என்பதெல்லாம் அம்பயரின் மனசைப் பொறுத்த விஷயம். மனசை நம்ப முடியாத இடத்தில் சட்டத்தைச் சுருக்கிக்கொண்டோம்.

இந்தக் கட்டுரையாளனுக்கும் ஒரு அனுபவம் உண்டு. பம்பாய்க்கு வந்த புதிதில் ஆபீஸ்களுக்கு இடையே நடந்த ஒரு மாட்சில் என்னை அம்பயராக நிறுத்தினார்கள். எங்கள் செக்‌ஷன் தலைமைக் குமாஸ்தாவுக்கு ரன் அவுட் கொடுத்தேன். கோட்டுக்கு ஒரு முழம் வெளியே இருந்தார்; சந்தேகமே இல்லை. ஆனாலும் என் லீவு விண்ணப்பம் ஒரு வாரம் அவர் மேஜையை விட்டு நகரவில்லை.

ஆடுகிறவனே நடுவராகவும் இருப்பது என்றால் இப்படித்தான் முடியும் என்று நினைத்திருந்தேன். உலகப் போட்டி ஒன்றே இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்த முறையில் நடந்து வருகிறது என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. அங்கே ஆடுகிறவர்கள் மனிதர்கள் இல்லை, இயந்திரங்கள். விசில் பிடிக்கிறவர்கள் மட்டும் மனிதர்கள். அவர்களும் போட்டியில் கலந்துகொண்டுள்ள மற்ற அணிகளின் ஆட்கள்தான்!

நகோயாவில் தொடங்கிய ஆட்டம்

போட்டியின் பெயர் ரோபோகப். 1997-ல் ஜப்பானில் நகோயா நகரத்தில் முதல் முறையாக நடந்தது. சுமார் 40 அணிகள் வந்தன. 5,000 பேருக்கு மேல் வேடிக்கை பார்த்தார்கள். அதற்குப் பிறகு பாரீஸ், ஸ்டாக்ஹோம், மெல்போர்ன் என்று ஆண்டுக்கு ஒரு நாடாகச் சுற்றி வருகிறது. 2010-ல் சிங்கப்பூருக்கும் 2022-ல் பாங்காக்குக்கும் வந்தது. 2020-ல் கொரோனாவால் நின்றது. மறு ஆண்டு கம்ப்யூட்டர் வழியாகவே நடத்தினார்கள். 2025-ல் பிரேசிலின் சால்வடார் நகரத்தில் நடந்தது. இந்தியாவுக்கு இதுவரை வந்ததில்லை.

இதைத் தொடங்கியவர்கள் ஒரு பெரிய சபதம் போட்டிருக்கிறார்கள். 2050-ம் ஆண்டுக்குள் இயந்திர மனிதர்களின் அணி ஒன்று, அப்போது உலகக் கோப்பை வென்றிருக்கும் மனிதர் அணியோடு, முறையான கால்பந்துச் சட்டப்படி மோதி வெல்ல வேண்டும் என்பது சபதம். நடக்குமா நடக்காதா என்று பந்தயம் கட்ட வேண்டாம். அந்த இலக்கைக் காட்டித்தான் உலகம் முழுவதும் பல்கலைக்கழகங்களில் மாணவர்களும் பேராசிரியர்களும் ராத்திரி பகலாக வேலை செய்கிறார்கள்.

போட்டியில் பல பிரிவுகள் உண்டு. சக்கரம் வைத்த குட்டி இயந்திரங்கள் ஓடுவது ஒன்று. பெரிய பந்தை உதைக்கும் கனமான இயந்திரங்களின் ஆட்டம் ஒன்று. கம்ப்யூட்டர் திரைக்குள்ளேயே பதினொருவருக்குப் பதினொருவர் ஆடுவது இன்னொன்று. நடுவர் முறை வேலையைப் புரிந்துகொள்ள ஏற்றது, இரண்டு காலில் நடக்கும் சின்ன இயந்திர மனிதர்களின் பிரிவு. எல்லா அணிக்கும் ஒரே மாதிரி பொம்மை என்பது அங்கே விதி. ஆரம்பத்தில் சோனி கம்பெனியின் 'ஐபோ' நாய் பொம்மைகள் நாலு காலில் ஆடின. 2006-ல் சோனி தயாரிப்பை நிறுத்தியது. 2008-ல் 'நாவோ' என்ற பிரெஞ்சு பொம்மை மைதானத்தில் இறங்கியது.

நாவோவின் உயரம் 58 சென்டிமீட்டர். எடை ஐந்தரைக் கிலோவுக்குப் பக்கம். விலை நம் பணத்தில் பல லட்சம். ஒன்பது மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலமுள்ள செயற்கைப் புல் மைதானத்தில் இரண்டு அணியாக ஆடும். பத்துப் பத்து நிமிஷமாக இரண்டு பாதி. பார்க்க வேடிக்கையாக இருக்கும். நடை பழகும் குழந்தைகள் போலத் தள்ளாடித் தள்ளாடி வரும். விழும். கையை ஊன்றித் தானே எழுந்திருக்கும். பந்து எதிரே கிடக்க, வேறு திசையில் தேடிக்கொண்டிருக்கும்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் அணிக்காரர்கள் பொம்மையைத் தொடக் கூடாது. ரிமோட் வைத்து ஆட்டக் கூடாது. பந்து எங்கே, கோல் எங்கே, கூட்டாளி எங்கே என்பதைப் பொம்மையே தன் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆறு மாதம் ராத்திரி தூங்காமல் எழுதிய புரோகிராமை உள்ளே ஏற்றிவிட்டு, பெற்றவர்கள் கோட்டுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்கும் தகப்பன் நிலைமைதான்.

நாலு பேர் வேலை

கோட்டுக்கு உள்ளே போக உரிமையுள்ள மனிதர்கள் நடுவர்கள் மட்டும். ஒரு தலைமை நடுவர். அவருக்குத் துணையாக உதவி நடுவர்கள். ஓரத்தில் மேஜை போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் ஒருவர். ஆக நாலு பேர் வேலை.

தலைமை நடுவர் விசில் ஊதுவார். தப்பு நடந்தால் உரக்கச் சொல்வார்: என்ன தப்பு, எந்த நிற அணி, எத்தனையாம் நம்பர். மேஜைக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் அழுத்துவார். அங்கே ஓடும் புரோகிராமுக்கு 'கேம் கன்ட்ரோலர்' என்று பெயர். அது வைஃபை மூலம் பொம்மைக்கு, "நீ தண்டனையில் இருக்கிறாய்" என்று சொல்லும். உதவி நடுவர் போய்ப் பொம்மையைத் தூக்கி வெளியே வைப்பார். அடிப்படைத் தண்டனை 45 வினாடி. பிறகு பக்கக் கோட்டிலிருந்து மறுபடி உள்ளே வரலாம்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. நின்று பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். பல பொம்மைகள். இரண்டு பொம்மை மோதி ஒன்று விழுந்தால், தள்ளியது எது? முன்னால் நடந்து வந்து இடித்ததா, அல்லது மற்றது சும்மா நின்ற இடத்தில் தடுமாறி மேலே சாய்ந்ததா? மனிதன் தள்ளினால் முகத்தில் தெரிந்துவிடும். பொம்மையின் முகத்தில் என்ன தெரியும்? எல்லாம் ஒரே முகம்!

உதவி நடுவருக்கு வேறு பயம். தூக்குவது அடுத்தவன் பொம்மை. கையும் காலும் ஆடிக்கொண்டிருக்கும். விரல் மூட்டுக்குள் அகப்பட்டால் நசுங்கும். கீழே போட்டுவிட்டால் ஒரு பல்கலைக்கழகத்தின் பல லட்சம் ரூபாய் போச்சு. பந்து உருளும் வழியில் தன் கால் குறுக்கே வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடுப்பு விஷயத்திலும் ஜாக்கிரதை. பந்து ஆரஞ்சு நிறமாகவும் கோல் கம்பங்கள் மஞ்சளும் நீலமுமாகவும் இருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது நடுவர் மஞ்சள் கால்சட்டை போட்டு வந்திருந்தால் அதைக் கோல் கம்பம் என்று எண்ணிப் பொம்மை அவரைக் குறி வைத்தே பந்தை உதைத்திருக்கும். கறுத்த நிற உடையில் வருவதுதான் நடுவருக்கு நல்லது. நம் ஊர்க் கோயில் திருவிழாவில் யானை முன்னால் போகிறவன் என்ன துணி கட்டுகிறான் என்று பாகன் பார்ப்பது போல.

வெளியாளைக் கூப்பிட்டால் என்ன?

இவ்வளவு தொல்லை எதற்கு? சம்பளம் கொடுத்து வெளியாளை வைத்துக்கொள்ளக் கூடாதா? யாருக்கும் தோன்றும் கேள்விதான்.

முதல் தடங்கல், சட்டம் தெரிந்த வெளியாள் கிடையாது. நிஜக் கால்பந்தில் சட்டம் தலைமுறை தலைமுறையாக ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. நடுவர் ஒரு தடவை படித்தால் ஆயுசுக்கும் போதும். இங்கே 2050-ஐ எட்ட வேண்டும் என்பதற்காகவே ஆட்டத்தை ஆண்டுக்கு ஆண்டு கஷ்டமாக்குகிறார்கள். வழவழப்பான விரிப்பு போய்ப் புல் வந்தது. ஆரஞ்சுப் பந்து போய், 2016-ல் கறுப்பு வெள்ளைப் பந்து வந்தது. கம்பங்களின் நிறம் போயிற்று. மைதானம் பெரிதாயிற்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சட்டப் புத்தகம் திருத்தப்படும். இந்த ஆண்டுச் சட்டத்தை வரி வரியாகப் படித்தவர்கள், அதன்படி பொம்மைக்குப் புத்தி எழுதியவர்கள் மட்டும்தான்.

அந்தச் சட்டத்தை எழுதுவதும் அவர்களே! ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தொழில்நுட்பக் கமிட்டி உண்டு. அதில் உட்காருகிறவர்கள் அணிகளைச் சேர்ந்தவர்கள். ஆக, சட்டம் போடுகிறவன், ஆடுகிறவன், தீர்ப்புச் சொல்கிறவன் எல்லாம் ஒரே வீட்டு ஆள். நம் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்.

இரண்டாவது தடங்கல் ஆள் கணக்கு. ஒரே கூடத்தில் பல மைதானம். காலையிலிருந்து இரவு வரை ஆட்டம். பல நாள் தொடர்ந்து. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாலு பேர் என்றால் எத்தனை பேருக்கு விமானச் செலவும் ஓட்டல் செலவும் கொடுப்பது? வந்திருக்கும் மாணவர்களே அங்கே இருக்கிறார்கள். சட்டமும் தெரியும். சம்பளம் வேண்டாம்.

எனவே முறை. ஆட்ட அட்டவணையில் இன்ன அணிக்கும் இன்ன அணிக்கும் ஆட்டம் என்று போட்டு, பக்கத்திலேயே நடுவர் வேலை இன்ன அணிக்கு என்றும் போட்டுவிடுவார்கள். அந்த ஆட்டத்தில் மோதும் இரண்டு அணிகளின் ஆட்களும் அதில் விசில் தொடக் கூடாது. நடுவர் தருவது தயவு தாட்சண்யம் இல்லை. போட்டியில் சேரும்போதே ஒப்புக்கொள்ளும் கடமை.

பேட்டிங் கட்சி அம்பயர் தருகிற நம் தெரு முறையை விட இது ஒரு படி மேல் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று ஆடாதவன் இன்று நடுவன்.

சமையல் முறை மாதிரி

ஒரே அறையில் ஆறு பேர் தங்கி முறை வைத்துச் சமைத்துச் சாப்பிட்ட வாசகர்களுக்கு அடுத்த சங்கடம் உடனே புரியும். திங்கட்கிழமை ஒருவன், செவ்வாய்க்கிழமை ஒருவன் என்று சுவரில் தாள் ஒட்டியிருப்போம். காகிதத்தில் எல்லாரும் சமம். ஆனால் ஒருவனுக்கு இரவு ஷிப்ட். ஒருவனுக்கு விரார் லோக்கலில் இரண்டு மணி நேரப் பயணம். ஒருவனுக்கு அரிசி களையவே தெரியாது. அவன் முறை வந்தால் மற்ற ஐந்து பேரும் வெளியே சாப்பிடுவார்கள்.

அங்கேயும் அதே கதை. சில அணிகளுக்கு இருபது பேர் வருவார்கள். பணக்கார நாட்டுப் பல்கலைக்கழகம். டிக்கெட்டுக்குக் கவலை இல்லை. வேறு சில அணிகள் நாலைந்து பேரோடு வரும். முறை வேலை இரண்டுக்கும் சமம். இருபதில் இரண்டு பேர் போனால் யாருக்கும் தெரியாது. நாலில் இரண்டு பேர் போனால் பட்டறையே மூடின மாதிரி.

அந்த நேரம் எப்படிப்பட்ட நேரம்? முந்தின ஆட்டத்தில் ஒரு பொம்மைக்கு முழங்கால் மோட்டார் சூடாகி நின்றுவிட்டது. பாட்டரி ஏற வேண்டும். கூடத்தின் வெளிச்சம் மாறியதால் கோட்டைப் பொம்மை சரியாகப் பார்க்கவில்லை. கண்ணைத் திருத்த வேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு மூன்று மணி நேரமே இருக்கிறது. புரோகிராம் எழுதின கெட்டிக்காரனே சட்டமும் நன்றாகத் தெரிந்தவன். அவன்தான் விசிலை மாட்டிக்கொண்டு வேறு மைதானத்துக்குப் போக வேண்டும். இரண்டு பாதியும் இடைவேளையும் சேர்ந்தாலே அரை மணி. முன்னேற்பாடு, நடுவில் அணிகள் கேட்கும் ஓய்வு எல்லாம் சேர்த்தால் இன்னும் இழுக்கும்.

சட்டம் சரியாகத் தெரியாத ஒருவனை அனுப்பிவிட்டு, கெட்டிக்காரனைப் பட்டறையிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று அணித் தலைவருக்கு ஆசை வரும். அரிசி களையத் தெரியாதவனை அடுப்பங்கரைக்கு அனுப்புவது போல. ஆனால் அதன் பலனை அனுபவிக்கிறவர்கள், ஒரு பாவமும் அறியாத வேறு இரண்டு அணிகள். நாளைக்கு அந்த இரண்டு அணியும் அனுப்பப்போகிற நடுவன்தான் இவர்கள் ஆட்டத்துக்கு விசில் ஊதுவான். இந்த ஒரு எண்ணமே பல பேரை ஒழுங்காக ஆள் அனுப்ப வைக்கிறது என்பது என் கணிப்பு. சட்டப் புத்தகத்தை விட இதற்குப் பலம் அதிகம்.

சந்தேகம் வராதா?

வரத்தான் செய்யும். ஒரு பிரிவில் நாலு அணிகள். இன்று 'அ' அணியும் 'ஆ' அணியும் மோதுகின்றன. விசில் 'இ' அணிக்காரர் கையில். 'அ' தோற்றால் 'இ'க்கு அடுத்த சுற்று நிச்சயம் என்று வைத்துக்கொள்வோம். கடைசி நிமிஷத்தில் 'அ'வின் பொம்மை ஒன்று பந்தோடு கோலை நெருங்குகிறது. எதிரே நின்ற பொம்மை விழுகிறது. தள்ளிவிட்டதா, தானாக விழுந்ததா? 'இ' அணிக்காரர் சொன்னதுதான் தீர்ப்பு. தலைமை நடுவர் சொன்னால் சொன்னதுதான். ஆட்டத்தின் நடுவே வாதாட இடமில்லை.

அவர் யோக்கியராகவே இருக்கட்டும். உண்மையாகவே தள்ளியதைப் பார்த்தே சொல்லட்டும். அப்போதும் 'அ' அணிப் பையன்கள் இரவு படுக்கும்போது என்ன பேசிக்கொள்வார்கள்? என் தலைமைக் குமாஸ்தாவும் தான் கோட்டுக்குள் வந்துவிட்டதாகக் கடைசி வரை நம்பினார்.

வேறு பிரிவிலிருந்து ஆள் எடுத்தால் இந்தக் கோளாறு இல்லை. ஆனால் முன்னே சொன்ன தடங்கல் குறுக்கே வரும். சக்கர இயந்திரக்காரனுக்கு நாவோ சட்டம் தெரியாது. நாய்க்கு லைசென்ஸ் கொடுக்கும் குமாஸ்தாவைத் திடீரென்று ரேஷன் கார்டு மேஜையில் உட்கார வைத்தது போல ஆகும்.

எதிரணிக்காரன் கையில் விசிலைக் கொடுத்துவிட்டு அவன் மேல் சந்தேகப்படாமல் இருக்க முடியாதென்றால், என்ன வழி? நாம் எல்.பி.டபிள்யூ.வை எடுத்தோம். அவர்கள் என்ன செய்தார்கள் என்பது சக்கர இயந்திரங்களின் பிரிவில் தெரிகிறது.

இயந்திரத்துக்கு இயந்திர நடுவர்

அந்தப் பிரிவின் ஆட்டக்காரர்கள் 18 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் உயரமும் உள்ள உருளைகள். அரிசி டப்பாவுக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். ஆரஞ்சு நிற கோல்ஃப் பந்தை வைத்து ஆடும். பெரிய அணிகளின் ஆட்டத்தில் 12 மீட்டருக்கு 9 மீட்டர் மைதானத்தில் பக்கத்துக்குப் பதினொன்று.

வேகம் சொல்லி முடியாது. பந்தை வினாடிக்கு ஆறரை மீட்டருக்கு மேல் வேகமாக உதைக்கக் கூடாது என்பது சட்டம். பந்தை ஒட்டிக்கொண்டே ஒரு மீட்டருக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்பது இன்னொரு சட்டம். ஆறரையா, ஏழா என்று எந்த மனிதக் கண் சொல்லும்? இருபத்திரண்டு டப்பாக்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும்போது ஒரு மீட்டரை யார் அளப்பது?

இந்தப் பிரிவில் ஒரு வசதி உண்டு. மைதானத்துக்கு மேலே காமிராக்கள் தொங்குகின்றன. பந்தும் டப்பாக்களும் எங்கே இருக்கின்றன என்பதை மேலிருந்து பார்த்து இரு அணிக்கும் ஒரே மாதிரிச் சொல்லும் பொது ஏற்பாடு 2010-ல் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு அணியும் தன் தன் காமிராவைக் கட்டித் தொங்கவிடும். பொதுக் காமிரா வந்த பிறகு, அந்தக் கணக்கையே வைத்துத் தப்பைக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றியது. இப்படிப் பிறந்ததுதான் தானியங்கி நடுவர் புரோகிராம்.

எழுதியது யார் தெரியுமா? அதே பிரிவில் கோப்பைக்கு மோதும் அணிகள்! ஜெர்மனியின் மன்ஹைம் நகர அணி ஒன்று எழுதியது. எர்லாங்கன் நகர அணி இன்னொன்று எழுதியது. இரண்டுமே பலமான அணிகள். போட்டியாளன் எழுதிய புரோகிராம் தனக்குச் சாதகமாகப் பேசாதா?

இங்கேதான் ஏற்பாடு நன்றாக இருக்கிறது. இரண்டு புரோகிராம்களையும் சேர்ந்தே ஓடவிடலாம். தப்பு என்று பெரும்பான்மை சொன்னால்தான் தப்பாக எடுத்துக்கொள்ளும்படி வைக்கலாம். அதோடு, எழுதியதை ஒளிக்காமல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். ஆட்டத்தின் கணக்கும் பதிவாகிறது. சந்தேகம் உள்ளவன் ராத்திரி உட்கார்ந்து வரி வரியாகச் சோதித்துப் பார்க்கலாம். என் தலைமைக் குமாஸ்தாவுக்கு அந்த வசதி இருந்திருந்தால் என் லீவு ஒரு வாரம் முன்னால் கிடைத்திருக்கும்.

மனித நடுவருக்கு வேலை இல்லாமல் போகவில்லை. கோல் விழுந்ததாகப் புரோகிராம் சொன்னாலும் மனிதர் பார்த்துத் தலையாட்ட வேண்டும். டப்பா பழுதானாலோ, காமிரா ஏமாந்தாலோ அவர்தான் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். ஆனால் எதிரணிக்காரர் என்ற பழி அவர் தலையில் முன்னைப் போல விழுவதில்லை. விசில் பிடிக்க வேண்டிய ஆட்களின் எண்ணிக்கையும் குறைகிறது.

கம்ப்யூட்டர் திரைக்குள் நடக்கும் ஆட்டத்தில் இது முதலிலிருந்தே இருக்கிறது. ஆஃப் சைடு, கோல், பந்து வெளியே போனது எல்லாம் ஆட்டத்தை நடத்தும் புரோகிராமே சொல்லிவிடும். அப்படியும், கோலை அடைத்துக்கொண்டு ஆட்டக்காரர்கள் சுவர் மாதிரி நிற்பது போன்ற குயுக்திகளுக்கு மனிதர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்ட நியாயம் என்பதைக் கணக்காக எழுதும் வித்தை இன்னும் முழுசாக வரவில்லை.

இரண்டு காலில் நடக்கும் நாவோ மைதானத்துக்கு இந்த வழி அவ்வளவாக உதவவில்லை. அங்கே ஆட்டத்துக்கு மேல் காமிராவின் உதவி கிடையாது. பொம்மை தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். விழுந்த பொம்மையைத் தூக்குவதற்கு எப்படியும் கை வேண்டும். அதனால் மாணவர்களின் முறை வேலை தொடர்கிறது.

பக்கத்து மைதானத்து விசில்

ஞாயிற்றுக்கிழமை ஆசாத் மைதானம் போனவர்களுக்கு ஒரு காட்சி பழக்கம். ஒரு மாட்சின் தேர்டுமேன் இன்னொரு மாட்சின் மிட்-ஆனுக்குப் பக்கத்தில் நிற்பான். எங்கோ "ஹவ்ஸ் தட்" என்று கத்துவார்கள். இங்கே பேட்ஸ்மேன் திரும்பிப் பார்ப்பான். அனுபவஸ்தனுக்குத் தன் மாட்சின் குரல் எது என்று தெரியும். புதியவன் திணறுவான்.

பொம்மைகள் புதியவர்கள். முன்பெல்லாம் ஆட்டம் தொடங்கியதை வைஃபை மூலம் கம்ப்யூட்டரே அவற்றுக்குச் சொல்லிவிடும். 2050-ல் மனிதர்களோடு ஆட வேண்டுமென்றால் நடுவரின் விசிலைக் காதால் கேட்டுத்தானே ஆக வேண்டும்? அதனால் விசிலைக் கேட்டு ஆட்டம் தொடங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். விசில் ஊதியதும் கம்ப்யூட்டர் உடனே சொல்லாது. 15 வினாடி கழித்துத்தான் சொல்லும். காது கேட்கும் பொம்மை அந்த 15 வினாடியில் பந்தைக் கொண்டுபோய்விடும். செவிட்டுப் பொம்மை மரம் மாதிரி நிற்கும்.

வந்தது வினை! கூடத்தில் மைதானங்கள் பக்கத்துப் பக்கத்தில். அடுத்த மைதானத்தில் ஊதிய விசிலைக் கேட்டு இந்த மைதானத்துப் பொம்மை கிளம்பிவிடும். ஊதுவதற்கு முன் அசைந்தால் அது தப்பு. தண்டனை உண்டு. ஊதிய நடுவருக்கோ தான் யாரோ ஒருவரின் ஆட்டத்தைக் கெடுத்தது தெரியாது. பக்கத்து மைதானத்தில் ஆடிக்கொண்டிருப்பது அவருடைய சொந்த அணியாகக்கூட இருக்கலாம்!

இதனால் நடுவர்கள் ஊதும் முறையே ஒரு பாடமாயிற்று. ஈனமாக ஊதினால் தன் மைதானத்துப் பொம்மைக்கே கேட்காது. விசிலின் ஓசையைக் கூடத்து இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க அணிகள் புரோகிராம் எழுதின. பல பொம்மைகளுக்கு ஒன்றாகக் கேட்டால்தான் நம் விசில் என்று எடுத்துக்கொள்ளும் யுக்தியும் வந்தது.

காதோடு நிற்கவில்லை. 2022-ல் நடுவரின் கை ஜாடையைப் பொம்மை பார்த்துப் புரிந்துகொள்கிறதா என்று ஒரு தனிப் பரீட்சை வைத்தார்கள். கையை எந்தப் பக்கம் நீட்டினார், யாருக்கு ஃப்ரீ கிக் என்று பொம்மை சொல்ல வேண்டும். கையை அரைகுறையாக ஆட்டும் நடுவர் இதில் உதவ மாட்டார். புத்தகத்தில் போட்டிருக்கும் படம் போலவே நிற்க வேண்டும். நேற்று வரை பொம்மைக்குப் புத்தி சொன்ன மாணவன், இன்று பொம்மை தன்னைப் பார்த்துப் பாடம் படிக்கும்படி கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறான்.

இன்னொரு திருத்தம்

நாவோவைத் தயாரித்த அல்டெபரான் கம்பெனி 2025-ல் நொடித்துவிட்டது. ஐபோவுக்கு நேர்ந்த கதைதான். இருக்கும் பொம்மைகளை ஒட்டுப்போட்டு ஓட்டலாம், ஆனால் எத்தனை காலத்துக்கு? மைதானத்துக்கு உயரமான, கனமான வேறு பொம்மைகள் வந்தால் சட்டப் புத்தகம் மறுபடி திருத்தப்பட வேண்டும். ஐந்தரைக் கிலோவை ஒரு கையால் தூக்கி ஓரத்தில் வைத்த உதவி நடுவர், முப்பது நாற்பது கிலோ பொம்மை தடுமாறும்போது என்ன செய்வது? தள்ளியதா விழுந்ததா என்ற பழைய கேள்வியோடு, தன் மேல் விழாமல் விலகும் வழியும் அவர் பார்க்க வேண்டும். பெரிய பந்துப் பிரிவில் 40 கிலோ வரை உள்ள சக்கர இயந்திரங்களுக்கு நடுவே விசிலோடு ஓடுகிறவர்களைக் கேட்டால் யோசனை சொல்வார்கள்.

2026-க்கான போட்டி தென்கொரியாவின் இஞ்சியோன் நகரத்துக்குக் குறிக்கப்பட்டது. அங்கேயும் முதல் நாள் அணித் தலைவர்களைக் கூட்டி உட்கார வைத்து அட்டவணையைக் கையில் கொடுப்பார்கள். தன் அணி எப்போது ஆடுகிறது என்று ஒரு விரலால் தேடுவார்கள். பிறகு அதே தாளில் இன்னொரு விரல், யார் ஆட்டத்துக்கு நாம் விசில் பிடிக்க வேண்டும் என்று தேடும். இரண்டுக்கும் நடுவே பாட்டரி ஏற்ற நேரம் இருக்கிறதா என்று கணக்குப் போடுவார்கள்.